பலாபத்வல ஏற்றத்தில் ஒரு பரீட்சை

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பெருஞ்சாலையில், மாத்தளைக்கு வடக்கே, அலுவிகாரையைத் தாண்டி வரும் சிற்றூர் பலாபத்வல. திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் என்று பௌத்தர்கள் போற்றும் அலுவிகாரையில் பிரயாணிகள் இறங்குகிறார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்களைக் காணவும் கூட்டம் திரளுகிறது. பலாபத்வலையில் இறங்கி நிற்பவர்களோ சிலரே. சாலையோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தபடியே பலரும் கடந்து போய்விடுகிறார்கள்.

ஆயினும் வடக்கிலிருந்து வருபவனுக்கு இவ்விடம் ஒரு வாசற்படி. தம்புள்ளைப் பக்கத்துச் சமவெளியை விட்டு, நாவுல, நாலந்தா வழியாகச் சாலை மெல்ல உயர்ந்து மாத்தளையில் ஏறக்குறைய 360 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் வந்திறங்கிய தமிழகத் தொழிலாளர்கள், காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை நோக்கித்தான் வந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர்கள் மிகப் பலர். அவர்களை நினைவுகூர்ந்து 2023-ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. மலை வந்துவிட்டதென்று நடப்பவனுக்கு முதலில் அறிவிப்பது அவனுடைய மூச்சு. மோட்டார் வண்டியின் சங்கதியும் அதுவே.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடன் அவருடைய ஸ்போர்ட்ஸ் காரில் இச்சாலையில் வந்தேன். 1960களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட, இருவர் மட்டுமே அமரக்கூடிய கார் அது. அதன் பழைய எஞ்சின் தேய்ந்துபோனதால், கராஜ் ஒன்றில் ஜப்பானிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தியிருந்தார். நுவரெலியாவில் 1934-ஆம் ஆண்டு தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தப் பாதையில் தம் காரை ஒருமுறையாவது ஏற்றிவிட வேண்டுமென்பது அவருடைய வெகுநாளைய ஆசை.

ஒரு காரின் உடலில் மற்றொன்றின் எஞ்சினை வைப்பது புதுமையன்று. 1964-இல் வெளிவந்த 'சன்பீம் டைகர்' என்ற ஆங்கிலக் காருக்குள் அமெரிக்க ஃபோர்டு கம்பெனியின் எட்டு சிலிண்டர் எஞ்சினை நெருக்கி வைத்தார்கள். இடப்பற்றாக்குறையால் ஒரு பிளக்கைக் கழற்ற வேண்டுமானால், பிரயாணிகள் அமரும் பக்கத்திலிருந்து ஒரு துவாரத்தின் வழியாகக் கைவிட வேண்டியிருந்தது! நம் கோயம்புத்தூர்க் கரிவரதனும் 1980களின் இறுதியில், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, எத்தனையோ இளைஞர்களைப் பந்தயத் திடலுக்கு அழைத்து வந்தார்.

எங்கள் கார் கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை வரை ஒரு குறையுமின்றி ஓடிற்று. நாலந்தாவைக் கடந்து, பாரமேற்றிய லொறியொன்றின் பின்னால் ஊர்ந்து ஏறுகையில்தான் வினை தொடங்கியது. எஞ்சின் திடீரெனக் குலுங்கிற்று; பின்பு சமாளித்தது; மறுபடி குலுங்கிற்று. மெக்கானிக்குகள் இதை 'மிஸ் அடிக்கிறது' என்பார்கள். லொறியை முந்திச் செல்ல முயலும் வேளையில் எஞ்சின் இவ்வாறு கைவிட்டால், எதிரே வரும் பஸ்ஸுக்கு முன் நம் கதி என்னவாகும்? பலாபத்வலையில் ஒரு தேநீர்க் கடையருகே வண்டியை ஓரங்கட்டினோம்.

மாணவ வாசகர்களுக்காக இங்கே சிறிது விளக்கம் கூறுதல் நலம். சிலிண்டர் ஒன்று தன் வேலையைச் செய்ய மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த காற்றும் பெற்றோலும், அக்கலவையை இறுக்கும் அழுத்தம், தக்க தருணத்தில் எழும் மின்பொறி. இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் அந்தச் சுற்றில் ஊமையாகிவிடும். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் சென்று எரிவதும் உண்டு. ஆகவே இக்குறையைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது தகாது.

நண்பர் முதலில் பெற்றோலைத்தான் சந்தேகித்தார். அதற்குக் காரணமும் இருந்தது. 1990களில், பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்துக் கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த நாளில் கார் திணறினால் எரிபொருளே முதற் குற்றவாளி. மேலும் கார்புரேட்டர் காலத்துப் பம்பு மிகக் குறைந்த அழுத்தத்தில் பெற்றோலைத் தள்ளுவது; புதிய எஞ்சினின் பெற்றோல் தெளிப்பு முறைக்கோ சதுர அங்குலத்துக்கு 40 இராத்தல் அளவில் அழுத்தம் வேண்டும். ஆனால் பம்பை ஏற்கெனவே மாற்றியிருந்தார். அழுத்தமானி முள்ளும் அசையாமல் நின்றது.

அடுத்துப் பிளக்குகளைக் கழற்றினோம். நான்கும் இளம்பழுப்பு நிறம். கலவை சரி என்பதற்கு அது சாட்சி. புகைபடிந்து கறுத்திருந்தால் பெற்றோல் மிகுதி என்றும், வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு அல்லது சூடு மிகுதி என்றும், ஈரமாக இருந்தால் பொறி எழவில்லை என்றும் கொள்ளலாம். பின் எஞ்சினை ஓடவிட்டு, பெற்றோல் தெளிக்கும் முனைகளின் மின் இணைப்பை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தோம். எந்தச் சிலிண்டரை நிறுத்தியும் ஓசை மாறவில்லையோ அதுவே சோம்பேறி. இங்கே எதை நிறுத்தினாலும் எஞ்சின் தளர்ந்தது. அப்படியானால் நான்கும் உழைக்கின்றன. குறை நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. "எஞ்சினே சரியில்லை. ஊர் திரும்பியதும் இதைத் தூக்கி எறிந்துவிடப் போகிறேன்" என்றார் நண்பர். பல மாதச் சேமிப்பைச் செலவிட்டவரின் வேதனை அது.

கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை நெடுநேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து லொறி சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவராம். அருகே வந்து, "தம்பி, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே சில நேரம் இருமுகிறது, சில நேரம் சும்மா இருக்கிறது. முன்னாலுள்ள விசிறி சுற்றுகையில்தான் இருமுகிறது, கவனித்தீர்களா?" என்றார்.

நாங்கள் செவிகொடுத்தோம். சூடேறியதும் ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்கிற்று, எஞ்சின் குலுங்கிற்று. விசிறி நின்றதும் குலுக்கமும் நின்றது. "ஐயா, விசிறிக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நண்பர் கேட்டார். "அதற்கு முன், விசிறி இல்லாமலும் இருமுகிறதா என்று பாருங்கள். பெரிய லைட்டைப் போடுங்கள்" என்றார் பெரியவர். விசிறி ஓய்ந்திருந்தபோது முன்விளக்கு, கண்ணாடி துடைப்பான் எல்லாவற்றையும் ஒருங்கே போட்டோம். குலுக்கம் மீண்டும் வந்துவிட்டது!

முடிச்சு அவிழ்ந்தது. சமவெளியில் வேகமாக ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், விசிறிக்கு வேலையில்லை. லொறியின் பின்னால் ஊர்ந்து ஏறும்போதுதான் அது சுற்றுகிறது. அப்போது மிகுந்த மின்சாரம் செல்லுகிறது. சென்ற மின்சாரம் எஞ்சினோடு பொருத்தியிருக்கும் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பி வரவேண்டுமல்லவா? எஞ்சினோ அதிர்வைத் தாங்கும் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே காரின் உடலையும் எஞ்சினையும் இணைக்கும் எர்த் கம்பி ஒன்றே திரும்பும் வழி. பழைய எஞ்சினின் விசிறி பெல்ட்டில் சுழன்றது. அதற்கு மின்சாரமே தேவைப்படவில்லை. அக்காலத்து மெல்லிய கம்பியையே புதிய எஞ்சினுக்கும் பூட்டியிருந்தார்கள். அதுவும் பெயிண்ட் பூசிய இடத்தின் மேல்.

வோல்ட்மானியை எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே வைத்தபோது, விசிறியும் விளக்கும் எரிகையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. 0.2 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டிய வித்தியாசம் அது. எஞ்சினில் உள்ள உணர்கருவிகள் அனுப்பும் சிறு சமிக்ஞைகளை இந்த வித்தியாசம் குழப்பிவிட, மின்பொறி தருணம் தவறிற்று. பெயிண்டைச் சுரண்டி உலோகம் பளிச்சிடச் செய்து, லொறிகளில் பயன்படும் தடித்த பின்னல் கம்பியொன்றை முறுக்கினோம். முள் ஏறக்குறையப் பூஜ்யத்திற்கு இறங்கிற்று. விசிறி சுற்றியது, விளக்குகள் எரிந்தன, எஞ்சின் அமைதியாகப் பாடிற்று. பெரியவர் கூலி எதுவும் வாங்க மறுத்துவிட்டார்; இன்னொரு தேநீருக்கு மட்டும் இசைந்தார்.

எஞ்சின் மாற்றிய வண்டி திணறும்போது எஞ்சினையே பழிப்பது பலருடைய வழக்கம். பெரும்பாலும் எஞ்சினும் நல்லது, வண்டியும் நல்லது. இரண்டும் சேரும் இடத்திலே, அதாவது கம்பி, குழாய், பம்பு, பூட்டு ஆகியவற்றிலே, குறை ஒளிந்திருக்கிறது. அதைத் தேடுபவன் "எந்தப் பாகம் கெட்டது?" என்று கேட்குமுன், "எப்பொழுது திணறுகிறது?" என்று கேட்க வேண்டும். குளிரிலா, சூட்டிலா? ஏற்றத்திலா, வளைவிலா? வேறு எது இயங்கும்போது? விடை கிடைத்துவிட்டால் பாகங்களை ஊகத்தால் வாங்கி மாற்றும் செலவு மிச்சம்.

இவ்வழியே மலைநாட்டுக்கு வண்டியோட்டி வரும் இளைஞர்கள் ஒரு சிறு மானியும், ஒரு துண்டு உப்புத்தாளும், ஒரு முழம் தடித்த கம்பியும் உடன் எடுத்து வருவார்களாக. புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே எல்லா விளக்குகளையும் போட்டு எஞ்சினின் ஓசையைக் கேட்கட்டும். கேட்கத் தவறினால், பலாபத்வல ஏற்றம் அந்தப் பரீட்சையை நிச்சயம் நடத்தும்.