பரீட்சை பறித்த தனிமம்!

பரீட்சை நேரத்தில் ஒரு தனிமத்தையே கோட்டை விட்ட காலேஜ் பையனைத் தெரியுமா உங்களுக்கு? அவரோட ஊருக்குத்தான் இந்த வாரம் போகப் போறோம். பை ரெடியா?

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்திலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம். நாஹே ஆற்றங்கரையில் இருக்கிறது பாட் க்ரோய்ட்ஸ்நாக். பெயரைச் சொல்றதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்கும்! 'பாட்' என்றால் குளியல். நமக்குக் குற்றாலம் மாதிரி, உடம்பைத் தேற்றிக்கொள்ள ஜனங்கள் வந்து போகிற ஊர். குற்றாலத்தில் அருவி, இங்கே உப்பு ஊற்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய ஆற்றுப் பாலத்தின் மேலேயே வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். மந்திரவாதி என்று பெயரெடுத்த ஃபாஸ்ட், இங்கே வாத்தியாராக இருந்ததாக 1507-ல் எழுதிய ஒரு கடிதம் சொல்கிறது. கார்ல் மார்க்ஸ் - ஜென்னி கல்யாணம் 1843-ல் நடந்ததும் இந்த ஊரில்தான். ஆனால் கெமிஸ்ட்ரி பார்ட்டிகள் பார்க்க வேண்டிய இடம் வேறே. ஆற்றோரமாகக் கொஞ்சம் நடங்கள்... உப்புப் பள்ளத்தாக்கு வரும்.

தண்ணி சொட்டும் முள்சுவர்!

சுமார் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மரச்சட்டம். அதற்குள் முள்குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறார்கள். உச்சியிலிருந்து ஊற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. எதுக்கு இந்த வேலை? ஊற்றில் உப்பு கம்மி. அப்படியே காய்ச்சினால் விறகுக்குக் கட்டுப்படியாகாது. குச்சி வழியே சொட்டும்போது பாதி வேலையைக் காற்றே முடித்துவிடும். கீழே வந்து சேர்வது, உப்பு ஏறிய தண்ணீர். அதைக் காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் உப்பு எடுத்தார்கள். இப்போது வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அந்த உப்புக்காற்றை இழுத்துவிட்டுப் போகிறார்கள். கடலே இல்லாத ஊரில் கடற்கரைக் காற்று!

உப்பை வாரிய பிறகு, கடைசியில் கசப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சும். தூத்துக்குடி உப்பளங்களிலும் இதே கதைதான். நம்ம ஹீரோ கை வைத்தது அந்த மிச்சத் தண்ணியில்தான்.

சிவப்பு பாட்டில்

ஹீரோ பெயர் கார்ல் லோவிக். உள்ளூர்ப் பையன். அந்தத் தண்ணீரில் குளோரின் வாயுவைச் செலுத்தினார். நிறம் மாறியது. ஈதர் ஊற்றிக் குலுக்கிப் பிரித்தார். கடைசியில் கிடைத்தது, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு ஒரு செம்பழுப்புத் திரவம்.

1825-ல் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது லோவிக்குக்கு வயசு 22. பாட்டிலைப் பேராசிரியர் க்மெலினிடம் நீட்டினார். இது புதுசாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் தயாரித்துக் கொண்டு வா என்றார் க்மெலின். அங்கேதான் விழுந்தது இடி. பரீட்சை வந்தது. லீவு வந்தது. வேலை தள்ளிப் போனது.

அதே நேரத்தில் பிரான்ஸின் தென்கோடியில், மான்ட்பெல்லியே ஊரில், அன்ட்வான் பாலார் என்ற லேப் உதவியாளர் கடலோர உப்பளத்தின் மிச்சத் தண்ணியில் அதே குளோரினை விட்டுப் பார்த்திருந்தார். அதே திரவம்! பாலாருக்கு லீவு வரவில்லை போலிருக்கிறது. 1826-ல் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். அப்போது வயசு 23. 'ம்யூரிட்' என்று அவர் வைத்த பெயரை பிரெஞ்சு அகாடமி மாற்றியது. நாற்றம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான் 'புரோமின்'. லோவிக் 1829-ல் புரோமின் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். என்ன பிரயோஜனம்? இன்றைக்கும் முதலில் வருவது பாலார் பெயர்தான்.

லோவிக்காவது பரவாயில்லை. ஜெர்மனியின் பெரிய தலை லீபிக், தன் கைக்கு வந்த அதே திரவத்துக்கு அயோடின் குளோரைடு என்று லேபிள் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டாராம்!

உங்க டெஸ்ட் டியூபிலும்...

சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கா? மாங்கனீஸ் டை ஆக்சைடும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் செம்பழுப்பு ஆவி... உடனே 'புரோமைடு' என்று எழுதுவீர்களே, அந்த வினையைப் பாலாரும் பயன்படுத்தினார்.

சரக்கு எங்கே கிடைக்கிறது? ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு. சாக்கடலில் லிட்டருக்குச் சுமார் 5 கிராம்! அதனால்தான் இஸ்ரேலும் ஜோர்டானும் அங்கே ஆலை போட்டிருக்கின்றன. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் உப்பளத்து மிச்சத் தண்ணியிலிருந்து எடுக்கிறார்கள். வீட்டிலேயே கெமிஸ்ட்ரி செய்து பார்க்கும் வெளிநாட்டு ஆர்வலர்கள், போட்டோ கழுவப் பயன்பட்ட பொட்டாசியம் புரோமைடையும், வெந்நீர்த் தொட்டிகளில் போடும் சோடியம் புரோமைடையும் தேடிப் போவதுண்டு.

உடனே ஹாஸ்டல் ரூமில் ஆரம்பித்துவிடாதீர்கள் பாஸ்! 59 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது. சாதாரண வெப்பத்திலேயே புகையும். தோலில் பட்டால் புண், மூச்சில் போனால் நுரையீரல் காலி. லேபில், ஃபியூம் ஹூடுக்குள்ளே, சார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

ஆனால் ஒண்ணு செய்யலாம். அடுத்த முறை டெஸ்ட் டியூபில் ஏதாவது புதுசா தென்பட்டால், பரீட்சை முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க. அன்னிக்கே தேதி போட்டு எழுதி வைங்க. எங்கேயோ ஒரு பாலார் எழுதிக்கிட்டிருப்பார்!