என் வீட்டு நவீன ஓவியம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நவீன ஓவியம் மாட்டியிருக்கிறது. வரைந்தவன் அடியேன்தான். வரைந்துகொண்டிருந்தபோது, வரைகிறோம் என்பதே எனக்கு ஞாபகமில்லை. அதுதான் அதில் விசேஷம்.

கம்ப்யூட்டர்காரர்கள் மேஜை மீது 'மௌஸ்' என்ற எலியை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1964-ஆம் வருஷம் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் என்பவர் செய்த ஆதி எலி ஒரு சின்ன மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். ஒன்று நெடுக்கே போனதை அளக்கும், மற்றது பக்கவாட்டில் போனதை. இக்கால எலிக்குச் சக்கரம் கிடையாது. விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மேஜையைப் படம்பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தான் நகர்ந்ததைத் தெரிந்துகொள்கிறது. இத்தனை செய்தும் போன தடம் எங்கும் மிஞ்சுவதில்லை. மணலில் நண்டு ஓடினால்கூட ஒரு கோடு இருக்கும்!

அந்தத் தடத்தைப் பிடித்து வைக்க வழி செய்தவர்கள் அனதோலி ஜென்கோவ், ஆந்திரே ஷிப்பிலோவ் என்ற இரண்டு ரஷ்யர்கள். 2010 வாக்கில் பிரபலமான அவர்களுடைய புரோகிராமுக்கு 'ஐ.ஓ.கிராஃப்' என்று பெயர். சேர்த்துச் சொன்னால் 'ஐயோ' என்றுதான் வாயில் வருகிறது. காலையில் அதை ஓடவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டியது. எலி போன வழியெல்லாம் மெல்லிய கோடு விழும்; அசையாமல் நின்ற இடத்தில் கறுப்பு வட்டம் விழும். நிற்க நிற்க வட்டம் பெருக்கும்.

என் மருமான் ஒருநாள் இதை என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனான். சாயங்காலம் திறந்து பார்த்தால், அடடா! வலது மேல் மூலையில் காக்கை கூடு கட்டினாற்போல் ஒரே சிக்கல். திறந்ததையெல்லாம் மூடுகிற இடம் அதுதானே! அங்கிருந்து நாலாபக்கமும் கோடுகள். ஜாக்ஸன் பொல்லாக் தரையில் துணியை விரித்து, சுற்றிச் சுற்றி வந்து வர்ணத்தைச் சொட்டவிட்டார். நானோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாதித்துவிட்டேன். நடுவுக்குச் சற்றுக் கீழே, கிரகணம் பிடித்த பூரண சந்திரன் மாதிரி, பெரிய கறுப்பு வட்டம் ஒன்று.

"மாமா, இங்கேதான் நீங்கள் கதையில் மூழ்கிவிட்டீர்கள்! விரல் தட்டிக்கொண்டிருக்கும்போது எலி சும்மாக் கிடக்குமே!" என்றான் மருமான்.

தர்க்கம் சரிதான். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே வாரத்தில் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள்.

அன்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. காலை பத்து மணிக்கு என் பழைய சிநேகிதனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவன். என் பரீட்சைக் கட்டணத்துக்காகத் தன் சைக்கிளை விற்றவன். பெண்ணின் படிப்புக்குப் பணம் குறைகிறது, ஆறு மாதத்தில் தந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தான். தொகை என்னிடம் இருந்தது. 'பதில்' என்ற பொத்தான் மேல் எலியை வைத்தேன். வைத்துவிட்டு யோசித்தேன். திரும்பி வருமா? வேறு யாரையும் கேட்டிருப்பானோ? ஊரில் இல்லை என்று எழுதலாமா? நடுவில் சாப்பிட்டுவிட்டும் வந்தேன். எலி அங்கேயே இருந்தது. மூன்று மணிக்கு வலது மேல் மூலைக்குப் போய்க் கடிதத்தை மூடினேன்.

இரண்டு மாதம் கழித்து அவனே வீட்டுக்கு வந்தான். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. காப்பி டம்ளரும் கையுமாக அந்தப் படத்தின் எதிரில் போய் நின்றான்.

"யார்டா வரைந்தது?"

"நான்தான்."

வட்டத்தின் மேல் விரலை வைத்தான். "இது என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள், "மாமா கதையில் மூழ்கின இடம்!" என்று உள்ளேயிருந்து மருமானின் குரல் வந்தது.

"அப்படியா! எந்தக் கதைடா அது? எனக்கு ஒரு பிரதி அனுப்பேன்" என்றான்.

"அனுப்புகிறேன்" என்றேன்.