ஏழரை விநாடி ஆயுள்

துப்பாக்கிக் குழல் எதனால் தேய்கிறது என்று கேட்டால், குண்டு உரசி உரசித் தேய்கிறது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பாட்டி காலத்து ஆட்டுக்கல் மாவரைத்தே குழிந்து போனதைப் பார்த்த நமக்கு அப்படித் தோன்றுவது இயற்கையே. ஆனால் குழலின் கதை ஆட்டுக்கல்லின் கதை அல்ல, அடுப்பின் கதை.

குண்டு ஈயத்தால் ஆனது. அதன் மேல் செம்புக் கலவைக் கவசம். இரண்டும் எஃகைவிட மிருதுவானவை. எஃகை முக்கியமாகத் தின்பது, குண்டைத் தள்ளிக்கொண்டு வரும் நெருப்புத்தான். மருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் உஷ்ணம் 2,500 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டக்கூடும். எஃகு உருகுவதற்கோ சுமார் 1,500 டிகிரி போதும். பின், முதல் வெடியிலேயே குழல் மெழுகாய் உருகாததற்குக் காரணம் என்ன? நேரம் போதாமைதான்! ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால், ஒரு கூறு, மிஞ்சினால் ஒன்றரைக் கூறு. அதற்குள் குண்டு குழலை விட்டு வெளியேறிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. போட்டிகளில் பெயர் பெற்ற .308 ரக ரைபிளின் குழல், ஏறக்குறைய 5,000 குண்டு வரை நுட்பமாகக் குறி தவறாமல் சுடும் என்பது அனுபவஸ்தர்களின் மதிப்பு. குண்டுக்கு ஒன்றரைக் கூறு வீதம் பெருக்கிப் பார்த்தால், அந்தக் குழல் தன் ஆயுளில் நெருப்பைச் சுமந்த நேரம் மொத்தம் ஏழரை விநாடி! சனி பகவான் ஏழரை வருஷம் எடுத்துக்கொள்ளும் காரியத்தை வெடிமருந்து ஏழரை விநாடியில் முடித்துவிடுகிறது.

குழல் முழுவதும் ஒரே சீராக அழிவதும் இல்லை. தோட்டா அமரும் அறையை அடுத்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான் பெரும் அக்கிரமம் நடக்கிறது. அந்த இடத்துக்குத் தொண்டை என்று பெயர். குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் சுருள் வரிகள் அங்கேதான் முதலில் மழுங்குகின்றன. குறுகிய துவாரத்தின் வழியே ஏராளமான மருந்தை எரிக்கும் 'மாக்னம்' ரகங்களுக்கு 1,000 அல்லது 1,500 குண்டுகளிலேயே தொண்டை போய்விடுவது உண்டு. சிறிய .22 ரகமோ பல மடங்கு காலம் உழைக்கும்.

இது இன்று நேற்று கண்ட வியாதி அல்ல. 1888-ல் ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்ட லீ-மெட்போர்டு ரைபிளில், பழைய கரிமருந்துக்கு ஏற்றபடி ஆழமில்லாத, வழவழப்பான வரிகள் அமைந்திருந்தன. பிறகு கார்டைட் என்னும் புது மருந்து வந்தது. அதில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின். அதன் உக்கிரத்தில் வரிகள் வெகு சீக்கிரம் கரைந்தன. 1895-ல் ஆழமான ஐந்து வரிகள் கொண்ட என்பீல்டு குழலுக்கு மாறினார்கள். அதுவும் போதாமல், பின்னர் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து மருந்தின் சூட்டையே தணிக்க வேண்டியதாயிற்று. உதகை ரயிலில் செல்பவர்கள் வெலிங்டனைத் தாண்டியதும் வரும் அருவங்காட்டைக் கவனித்திருக்கலாம். கார்டைட் செய்வதற்கென்றே அங்கே 1903-ல் ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது.

நிற்க. நம் நாட்டில் 1972-ம் வருஷத்துச் சட்டத்தோடு வேட்டை ஏறக்குறைய முடிந்து போயிற்று. வேட்டைக்கு அனுமதியுள்ள தேசங்களில் உள்ளவர்கள் தோளில் சுமந்து மலையேற வேண்டியிருப்பதால் மெல்லிய குழலையே விரும்புகிறார்கள். அது மூன்று நான்கு வெடியிலேயே சூடேறிவிடும். சில குழல்கள் சூட்டில் இம்மியளவு வளைந்தும் கொடுக்கும். போதாக்குறைக்கு, குழலிலிருந்து எழும் அனல் கண்ணெதிரே இலக்கை ஆட்டம் போட வைக்கும். போட்டிக்காரன் குறி தவறினால் ஒரு புள்ளி நஷ்டம். வேட்டைக்காரன் தவறினால், ஒரு பிராணி அரைகுறைக் காயத்துடன் புதருக்குள் போய் நாள் கணக்கில் துடிக்கும்.

நமது நண்பர் ஒருவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடன் ஒரு நாள் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போயிருந்தோம். இளம் சிப்பாய் ஒருவன் 300 மீட்டர் இலக்கைச் சுட்டுக்கொண்டிருந்தான். குண்டுகள் இலக்கு முழுவதும் சிதறின. "உன் கை நடுங்குகிறது. போட்டிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தாயிற்று" என்றார் பயிற்சி தரும் உஸ்தாத். பையன் வாய் திறக்கவில்லை; கண் மட்டும் கலங்கிற்று.

சுபேதார் குழலைத் தொட்டார். சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, இந்தக் குழலில் இதுவரை எத்தனை குண்டு போயிருக்கும்?"

"தெரியாது, ஐயா."

உஸ்தாதுக்கும் தெரியவில்லை. வேறொரு ரைபிளை வரவழைத்துப் பையனிடம் கொடுத்தார் சுபேதார். பத்துக் குண்டுகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின. பழைய குழலுக்குள் சிறு காமிராவைச் செலுத்திப் படம் பிடித்தார்கள். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் ஏரிப் படுகையேதான்! வரிகள் இருந்த சுவடே அங்கே இல்லை.

உஸ்தாத் நல்ல மனிதர். பையனின் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆனால் பட்டியல் அதற்குள் மேலிடத்துக்குப் போய்விட்டது. அந்த வருஷத்துப் போட்டி பையனுக்கு இல்லை.

புதுக் குழல் மாட்டிய அன்று சுபேதார் அவனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். பத்துக் குண்டு சுட்டதும் அதில் குறித்துக்கொள்ள வேண்டும். குழலில் உள்ளங்கையைத் தாராளமாக வைக்க முடிகிற வரையில் அடுத்த தோட்டாவைத் தொடக் கூடாது. சென்ற முறை நாம் பார்த்தபோது கணக்கு 640-ல் இருந்தது. பையன் குழல் ஆறுவதற்காக மர நிழலில் உட்கார்ந்திருந்தான்.