வெட்டி எடுத்த வடிகட்டி

என் டீசல் காரின் புகை வடிகட்டியை நானே காசு கொடுத்து வெட்டி எடுப்பித்தேன். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி அது குற்றம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

சிட்னியில், டூங்காபியிலிருந்து பரமட்டாவுக்கு வேலைக்குப் போய்வருவதும் கடைக்கு ஓடுவதும்தான் அந்தக் காரின் வாழ்க்கை. வடிகட்டிக்குள் இருப்பது நுண்துளைகள் நிறைந்த பீங்கான். கரித்தூளைப் பிடித்து வைத்து, ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் அதை எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூடு வர நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். என் கார் எரிக்கத் தொடங்கும் நேரத்தில் நான் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிடுவேன். நிறுத்திய பிறகும் விசிறி இரையும், சூட்டு வாடை அடிக்கும். எரிப்பதற்கென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஒயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தது. வடிகட்டிக்கான செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அது எரிந்தால் வேகமாக ஓட்டு என்று கையேட்டில் எழுதியிருந்தது. எம்4 நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருந்தும் நான் போகவில்லை. கடைசியில் காருக்கு இழுவையே இல்லாமல் போயிற்று.

2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சுனர் டீசல் வண்டிகள் 2,60,000க்கும் மேல். அவற்றின் வடிகட்டி அமைப்பில் குறைபாடு இருந்ததாக ஃபெடரல் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமையாளர்கள் ஏமாந்தவர்கள். என் கார் வேறு. அதில் ஒரு குறையும் இல்லை, குறை என் ஓட்டத்தில்.

புது வடிகட்டிக்குப் பல ஆயிரம் டொலர் ஆகும். “அண்ணை, உள்ளுக்கை இருக்கிறதை எடுத்துவிட்டால் இனிப் பிரச்சினையே இல்லை” என்றார் தெரிந்த மெக்கானிக் ஒருவர். பீங்கான் போயிற்று, கம்பியூட்டரும் மாற்றி எழுதப்பட்டது. வெளிக்கூடு அப்படியே இருந்ததால் பதிவைப் புதுப்பிப்பதற்கான பிங்க் ஸ்லிப் பரிசோதனையிலும் தேறிவிட்டது. இழுவை கூடியதில் எனக்கு ஒரே சந்தோஷம். நண்பர் ஒருவரையும் இதையே செய்யச் சொன்னேன், அவரும் செய்தார்.

முன்பெல்லாம் புகைக்குழாய்க்குள் விரலை விட்டால் சுத்தமாக வரும். இப்போது கன்னங்கரேலென்று வந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை விடும் நேரம், எஞ்சினை ஓடவிட்டபடி வரிசையில் காத்திருப்பேன். புத்தகப் பையோடு காருக்குப் பின்னால் நடந்துபோன பிள்ளைகளில் சின்னவர்களின் முகம் பெரியவர்களின் முகத்தைவிடக் குழாய்க்குக் கிட்ட இருந்தது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முதல் வகையில் சேர்த்ததை நான் அப்போதே வாசித்திருந்தேன். என்னிடம் தேங்கியிருக்க வேண்டிய கரியை, காசு மிச்சம் பிடிக்க, அந்தப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் அனுப்பினேன்.

கடன் வாங்கிப் புது வடிகட்டி போட்டுவிட்டேன். ஞாயிறுகளில் எம்4இல் பென்ரித் வரை ஓட்டுகிறேன். நண்பர் இன்னும் மாற்றவில்லை. “நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று கேட்கிறார். பாதிச் செலவை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.