எமது ஐந்து அறை வாடிவீடு

பிறதேசஞ் சென்று குடியேறியோரைப் பற்றி நம் ஊர்களிலே பேசுவோர், அங்குள்ள குளிரைப் பற்றியும் அங்கு ஈட்டும் பொருளைப் பற்றியுமே பெரும்பாலும் பேசுவர். கடுதாசிகளைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். ஆயினும் குடியேறியவருடைய வாழ்நாளிற் கணிசமான பகுதி, படிவங்களை நிரப்புவதிலும் அவற்றுக்கு மறுமொழி வரும்வரை காத்திருப்பதிலுமே கழிகின்றது. பிரான்ஸ் தேசத்திலே சிறியதொரு வாடிவீட்டை நடத்திவரும் தம்பதியராகிய நாம் இதனை நன்கறிவோம்.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் நம்மவர் ஆயிரக்கணக்கிற் பிரான்சுக்கு வந்தனர். நாமும் அவ்வழி வந்தவர்களே. பாரிஸ் நகரத்து உணவகச் சமையலறைகளிற் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, நாட்டின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூரிற் பழைய கல்வீடொன்றை வாங்கினோம். அண்மையிலே இருப்பது லூர்து நகர். 1858ஆம் ஆண்டில் பேர்னதெத் என்னும் சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்த தலமெனப் போற்றப்படுவது. ஐரோப்பாவெங்கும் சிதறி வாழும் ஈழத்தமிழர், கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவரும், கோடை விடுமுறையில் அங்கு வருவதுண்டு. அவர்களுக்கும் பிறர்க்கும் தங்க இடங் கொடுப்பதே எமது தொழிலாயிற்று.

இத்தகைய வீட்டை இந்நாட்டார் ‘ஷாம்பர் தோத்’ என்பர். இதில் 5 அறைகளுக்கு மேல் இருத்தலாகாது. ஒரே வேளையில் 15 பேருக்கு மேல் தங்குதலும் ஆகாது. அறைகள் எத்தனை, தங்கக்கூடியோர் எத்தனை பேர், எக்காலத்திலே திறந்திருக்கும் என்பவற்றைக் கிராமசபைக்கு முன்னரே எழுதிக் கொடுத்தல் வேண்டும். கொடாதவர்க்குக் குற்றப்பணம் 450 யூரோ வரை செல்லும். வயதுவந்த விருந்தினர் ஒவ்வொருவரிடமும் இரவொன்றுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி வாங்கி உள்ளூராட்சிக்குச் செலுத்துதல் வேண்டும். உணவோடு வைன் பரிமாறுவதாயின் அதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். தொழிலைப் பதிவு செய்வதோ 2023ஆம் ஆண்டு முதல் இணையவழியே நடைபெறுகின்றது.

எமது ஊர்க் கந்தோர் வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுகளே திறந்திருக்கும். முதன்முறை சென்றபோது, அங்கிருந்த எழுதுவினைஞர் வேறிடத்துக்கு மாறிப் போயிருந்தார். இரண்டாம் முறை சென்றபோது, புதிதாக வந்தவர் எம் பெயரைக் கண்டு திகைத்தார். குடும்பப் பெயர் ஒரு கட்டத்திலும் சொந்தப் பெயர் மறு கட்டத்திலும் எழுதுவது இந்நாட்டு வழக்கம். குடும்பப் பெயர் இல்லாத நமக்கோ, அக்கட்டத்தில் எழுதத் தந்தையார் பெயரே உண்டு. ஒரு பத்திரத்தில் முன்னும் மற்றொன்றிற் பின்னுமாக அது இடம் மாறிக் கிடந்தது. இருவரும் ஒருவரே என்று அவருக்கு விளங்கவைப்பதற்கு மூன்றாம் முறையும் செல்ல நேர்ந்தது. இன்று ஊரவர் எம்மை அத்தந்தையார் பெயர் சொல்லியே அழைக்கின்றனர். பருத்தித்துறையை விட்டு அதிகம் வெளியே போயறியாத அப்பெரியவரின் பெயர், இம்மலையடிவாரத்திலே தபாற்காரன் வாயில் நாடோறும் வழங்குவதைக் கேட்கும்போது, பட்ட அலைச்சல் ஓரளவு மறந்துபோகும்.

இச்சட்டங்களை நாமே பொறுமையோடு வாசித்தபோது ஒன்றைக் கண்டு வியந்தோம். இவ்வீட்டிற்கு வருவோரை வீட்டுக்காரரே நேரில் வரவேற்றல் வேண்டுமென்று சட்டம் விதிக்கின்றது. படுக்கை விரிப்பும் காலை உணவும் கொடுத்தல் வேண்டும். இராப்போசனமும் கொடுப்பதாயின், வீட்டார் மேசையிலேயே, எல்லார்க்கும் பொதுவான ஒரே உணவைப் பரிமாறுதல் வேண்டும். அதுவும் அங்கே தங்குவோர்க்கு மாத்திரமே. வாசலில் நின்று வரவேற்பதும், வீட்டிற் சமைத்ததையே பகிர்வதும் நம் அன்னையர் எவரும் விதிக்காமலே செய்துவந்தவை அல்லவா? திருக்குறளில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரத்தையே கற்றவர்களாகிய நமக்கு, சட்டத்தின் இப்பகுதி அந்நியமாகத் தோன்றவில்லை.

அந்நியமாகத் தோன்றியது வேறொன்று. வெளிநாட்டு விருந்தினர் ஒவ்வொருவரும் வந்தவுடன் பொலிசுப் படிவமொன்றை நிரப்பி ஒப்பமிடுதல் வேண்டும்; பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தேசியம், வதிவிடம் யாவும் அதில் எழுதப்படும். அதை நாம் 6 மாதம் வைத்திருந்து, பொலிசார் கேட்பின் கொடுத்தல் வேண்டும். பிரெஞ்சுக் குடிகளுக்கு இது இல்லை. ஒரு காலத்தில் எத்தனையோ கந்தோர் மேசைகளின் முன்னே நின்று இவற்றையே எழுதிய நாம், இப்போது அதே கேள்விகளைப் பிறரிடம் நீட்டுகின்றோம்.

ஒரு கோடையில் ஜேர்மனியிலிருந்து மகனோடு வந்த மூதாட்டி ஒருவர், பேனையைக் கையிலெடுத்தும் எழுதவில்லை.

“பிள்ளை, இந்தக் கடுதாசி எங்கை போகும்?” என்று கேட்டார்.

“இந்த வீட்டிலைதான் இருக்கும், அம்மா. பொலிஸ் கேட்டால் மட்டும் குடுக்க வேணும்; இதுவரை ஒருதரும் கேக்கேல்லை,” என்றோம்.

சற்றே யோசித்தபின், பிறந்த இடம் என்னுங் கட்டத்தில் ‘மயிலிட்டி’ என்று எழுதினார். 1990ஆம் ஆண்டிலே மக்கள் வெளியேற நேர்ந்த கரையோரக் கிராமம் அது. 27 ஆண்டுகளின் பின், 2017இலேதான் அதன் துறைமுகப் பகுதி மக்களிடம் மீண்டது. “வீடு போச்சு, பயணப் பத்திரமும் எத்தினையோ மாறிப்போச்சு. இந்த ஒரு பேர் மட்டும் எல்லாப் படிவத்திலையும் ஒண்டுதான்,” என்றார் அவர். அன்றிரவு மேசையில் இடியப்பமும் சொதியும் இருந்தன. பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த இருவருக்கு இடியப்பத்தைப் பிசைந்து உண்ணும் முறையை அம்மையாரே கற்பித்தார்.

பிறதேசஞ் செல்ல எண்ணும் மாணவர்க்கு நாம் கூறக்கூடியது சிறிதே. செல்லும் நாட்டின் மொழியை, அந்நாட்டுக் கந்தோர்க் கடிதத்தைப் பிறர் உதவியின்றி வாசிக்குமளவுக்கேனும் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பெற்றோருக்காக அக்கடிதங்களை வாசித்து, வீட்டின் கவலைகளை இளவயதிலேயே சுமப்பதைப் புலம்பெயர்ந்த குடும்பங்களிற் கண்டிருக்கின்றோம். படிவத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கு அச்சம் பாதி குறையும். அதைப் பிறரிடம் நீட்டும் நிலை வரும்போது, அவரது அச்சமும் விளங்கும்.

அம்மூதாட்டி வந்து சென்றபின் எமது வீட்டில் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினோம். வருபவர் எந்நாட்டவராயினும் முதலில் அமரச் செய்து தேநீர் கொடுப்போம்; அவர் பருகி முடித்த பின்னரே படிவத்தை எடுப்போம். எதை முன்னே கொடுத்தல் வேண்டுமென்று சட்டம் ஒன்றும் கூறவில்லை.