அயனம்பாக்கத்தில் இரண்டு பகல், ஓர் இரவு

ஜனவரி 4, ஞாயிறு

ஏரிக்கரைப் பக்கம் டீக்கடையில் கூடினோம். மார்கழிப் பனியிலும் நடைக்காரர்கள் குறையவில்லை. மதுரையில் ஒரு குழு, கோவையில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று எங்களைப் போலச் சைக்கிளுக்காகவும் நடந்துபோகிறவர்களுக்காகவும் வேலை செய்கிறவர்கள் ஆங்காங்கே இருக்கிறார்கள். ஓர் ஊரில் நடந்தது அடுத்த ஊருக்குத் தெரிவதில்லை. ஒரே மனுவை ஒவ்வோர் ஊரிலும் பிள்ளையார் சுழியிலிருந்து எழுதுகிறார்கள். எல்லோரையும் ஒரு சனி ஞாயிறு கூட்டி உட்காரவைத்தால் என்ன என்று தீபாவளிக்கு முன்னாலேயே பேசிவைத்தது. பிப்ரவரி 7, 8 என்று இன்று முடிவானது. அதற்கு அப்புறம் தள்ளினால் சட்டமன்றத் தேர்தல் ஜுரம் வந்துவிடும், கவுன்சிலர் கண்ணிலேயே படமாட்டார்.

எங்கே என்பதில்தான் இழுபறி. ஈசிஆரில் கடலோரமாக ஒரு ரிசார்ட், தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்றார் ஒருவர். கார் இல்லாமல் போய்ச் சேர முடியாத இடத்தில் பாதசாரிகளுக்கு முகாம்! நான் அயனம்பாக்கத்திலேயே வைப்போம் என்றேன். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

இருக்கிறது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் 1949இல் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்தது பக்கத்து அம்பத்தூரில்தான். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ரோட்டில் சைக்கிளைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்று பெரியப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கும் தனியார் கல்லூரி பஸ்ஸுக்கும் நடுவே சைக்கிளில் போகிறவரைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்கும். இன்னொன்று, எங்கள் பக்கத்து எல்லைகள். சென்னை மாநகராட்சி, திருவேற்காடு நகராட்சி, ஊராட்சி எல்லாம் இங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடக்கின்றன. கொஞ்சம் தள்ளி ஆவடி, 2019 முதல் அதுவும் ஒரு மாநகராட்சி. நடைபாதை எந்த இடத்தில், எந்த ஆபீஸின் எல்லையில் அறுந்துபோகிறது என்று படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமையாது.

முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 7, புதன்

அழைப்புப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. படித்ததும் எரிச்சல். முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான டவுசருமாக மாமல்லபுரம் போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள். அவர்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. சென்னையில் சைக்கிளுக்குக் கொஞ்சமாவது மரியாதை திரும்பியிருக்கிறது என்றால் அவர்களால்தான். ஆனால் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை என்று ஓட்டுகிறவர் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லையே! அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற வாட்ச்மேன், கேரியரில் கூடை கட்டிக் கீரை விற்கிற அம்மா, பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளைப் பன்னிரண்டு முடிந்ததும் தம்பிக்குக் கொடுத்துவிட்ட பெண், வெள்ளைக் கோலோடு நடக்கிற பார்வையற்ற ஆசிரியர். இவர்கள்தான் தினமும் ரோட்டில் பரீட்சை எழுதுகிறவர்கள்.

கூப்பிட்டால் வருவார்களா? அவர்களுக்கு சனிக்கிழமை லீவு கிடையாது. ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்துக் கூப்பிடுவோம் என்றேன். "இது வாலன்டியர் வேலை மேடம், காசு கொடுத்தா ஸ்பிரிட் போயிடும்" என்றார் பொருளாளர். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு சனிக்கிழமையும் சேர்த்தே சம்பளம் வருகிறது, அதனால் அவருக்கு ஸ்பிரிட் கெடுவதில்லை. இதைக் கொஞ்சம் காரமாகவே எழுதி அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டினார். பேனருக்கும் டீ ஷர்ட்டுக்கும் ஒதுக்கிய பணம் கூலிக்குப் போகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

மண்டபம் தேடினோம். தை பிறந்தால் எல்லோருக்கும் வழி பிறக்கும், எங்களுக்கு மட்டும் மண்டபம் கிடைக்காது. முகூர்த்தம் இருக்கிற நாளெல்லாம் போன வருஷமே புக் ஆகிவிட்டதாம். கடைசியில் ஒரு சின்ன சமுதாயக் கூடம் கிடைத்தது. மாடியில் பெண்கள் படுக்கலாம், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. கழிப்பறை இரண்டுதான், அதில் ஒன்றில் குழாய் ஒழுகுகிறது.

இந்த மாதிரி முகாம்கள் வெளியூரில் எப்படி நடக்கின்றன என்று மத்தியானம் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் 1996இல் வயோமிங் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் சைக்கிள் இயக்கத் தலைவர்கள் சிலர் கூடிப் பேசியதில்தான் தண்டர்ஹெட் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு பிறந்தது. பண்ணையின் பெயரையே சங்கத்துக்கும் வைத்துவிட்டார்கள். பிறகு நடப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு பெயரை மாற்றினார்கள். நல்ல கதைதான்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய முன்னுதாரணம் புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பழகுவதையும் எழுத்தறிவின் பகுதியாகச் சேர்த்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்களுக்கு மேல் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிள் ஓட்டினார்கள். ஒன்றரை வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகிவிட்டதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்களாம், முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே! எந்த நிபுணரும் இதைத் திட்ட அறிக்கையில் எழுதியிருக்கமாட்டார்.

அதைவிட முக்கியம், கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பது. போன மாதம் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பெண்தான் இந்த மாதம் பயிற்சியாளர். எங்கே பயம் வரும், எந்த நேரத்தில் பிடியை விடவேண்டும் என்பது அவளுக்கு இன்னும் மறந்திருக்காது. இருபது வருஷமாக ஓட்டுகிறவருக்கு அது எப்போதோ மறந்துவிட்டது. எங்கள் முகாமுக்கும் இதுவே விதி என்று குழுவில் போட்டேன்: பேச்சாளர் என்று தனியாக யாரும் கிடையாது. வருகிறவர் தன் ஊரில் பலித்தது ஒன்று, பலிக்காதது ஒன்று, இரண்டையும் கொண்டுவர வேண்டும். பவர்பாயின்ட் கிடையாது. கடைசி வாக்கியத்துக்கு மட்டும் மூன்று பேர் எதிர்ப்பு.

ஜனவரி 17, காணும் பொங்கல்

ஊரே மெரினாவுக்கும் வண்டலூருக்கும் போயிருக்க, தெரு காலி. அளக்க நல்ல நாள். டேப்பை எடுத்துக்கொண்டு நானும் எதிர்வீட்டு அக்காவும் இறங்கினோம். முகாமின் முதல் நாள் எல்லோரும் நடக்கப்போகிற பாதை இது, முன்னாலேயே ஒரு தடவை நடந்து பார்த்தால்தானே நேரம் தெரியும்.

எங்கள் பக்கம் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடி. வடிகால் கட்டுகிறபோது மேலே ஸ்லாப் போட்டார்கள், அதிலேயே நடந்துகொள் என்று விட்டுவிட்டார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 விதிப்படி நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது ஏறக்குறைய ஆறு அங்குலம். தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும். முதல் ஸ்லாப்பிலேயே டேப் பதினொரு அங்குலம் காட்டியது. அக்காவுக்கு மூட்டுவலி. ஏறுவதற்கு முன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார், ஏறினார், நாலு எட்டு வைத்தார், ஒரு வீட்டின் கார் ஏறுகிற சரிவு வந்தது, இறங்கினார். மறுபடி ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர். மறுபடி இறங்கினார். ஸ்லாப்பைத் தூக்குவதற்காக வைத்த இரும்பு வளையங்கள் சில மடங்காமல் நட்டுக்கொண்டு நிற்கின்றன. இருட்டில் அதில் கால் கட்டைவிரல் மாட்டினால் நகம் போச்சு. "நான் ரோட்லயே நடந்துடறேம்மா, இந்த ஏத்த எறக்கத்துக்கு ரோடே தேவல" என்றார் அக்கா.

எல்லோரும் செய்கிற முடிவு அதுதான். அப்புறம் 'பாதசாரிகள் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை' என்று கூட்டத்தில் சொல்வார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள்.

முகாமில் எல்லோர் கையிலும் ஒரு டேப் கொடுக்கவேண்டும். 'நடைபாதை மோசமாக உள்ளது' என்று எழுதினால் மனு குப்பைக்குப் போகும். 'பதினொரு அங்குலம், இருக்கவேண்டியது ஆறு' என்று எழுதினால் யாராவது ஒரு பொறியாளர் பதில் எழுதியாக வேண்டும்.

ஜனவரி 21, புதன்

சைக்கிள் கடைக்காரரைப் பார்த்தேன். ஒரு காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டவர். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் அவர் சைக்கிளில்தான் குரங்கு பெடல் போட்டுப் பழகினோம். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் பஞ்சர் ஒட்டவும் வீல் கோட்டம் எடுக்கவும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். வீலைத் திருப்பிப் போட்டுச் சுழற்றி, ஓரத்தில் சாக்பீஸைத் தொட்டும் தொடாமலும் பிடித்தார். எங்கே கோடு விழுந்ததோ அந்தப் பக்கத்துப் போக்ஸைக் கால் சுற்று தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை இறுக்கினார். மறுபடி சுற்றினார். பேச்சே இல்லை. "இத வாயால சொன்னா வராது. ஆளுக்கு ஒரு வீலு வேணும், பழைய வீலா பாத்து நானே எடுத்தாறேன்" என்றார். கூலி என்றதும் கையை உதறினார். வாங்கிக்கொள்ள வைக்கவேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

நிகழ்ச்சி நிரல் சண்டை. கமிஷனரைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடலாம் என்று ஒரு கோஷ்டி. குத்துவிளக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தவே ஒரு மணி நேரம் போகும். அதிகாரிகளை ஞாயிறு மத்தியானம் கூப்பிடுவோம், வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்கட்டும் என்பது என் கட்சி. இதுவரை முடிவில்லை.

சட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியாயிற்று. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலை விபத்துகள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். ஆபரேஷன் தியேட்டரில் உடைந்த முதுகெலும்புகளைப் பார்த்தே சலித்தவர் போட்ட வழக்கு. அதில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு எவ்வளவோ முன்பே, 2014இல், சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கையே நிறைவேற்றியது. போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2019இல் பாண்டி பஜார் நடைவளாகம் பிறந்தது அந்த வழியில்தான். தி.நகருக்குப் போய் அகலமான நடைபாதையில் உலாத்திவிட்டு, பஸ் பிடித்து வந்து எங்கள் ஸ்லாப்பில் ஏறி இறங்குகிறபோதுதான் கொள்கைக்கும் புறநகருக்கும் உள்ள தூரம் காலில் தெரியும்.

மனு எங்கே கொடுப்பது என்பதற்கும் ஒரு வகுப்பு உண்டு. நாளைக் காலை ஊராட்சிகளில் கிராம சபை. ஊராட்சியைத் தாண்டினால் அது இல்லை, பகுதி சபைதான். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது.

பிப்ரவரி 3, செவ்வாய்

தைப்பூசம் முடிந்து, பாதயாத்திரை கூட்டிப்போகிற குருசாமி பழனியிலிருந்து திரும்பிவிட்டார். இத்தனை நாளாக இவருக்காகத்தான் காத்திருந்தேன். திண்டுக்கல் வரை பஸ், அங்கிருந்து மாலை போட்ட கூட்டத்தோடு நடை. ஆடியில் திருவேற்காட்டு அம்மனுக்கும் ஆள் திரட்டிப் போகிறவர். நடப்பவர்களுக்காகப் பேசுகிற எங்கள் குழுவில் யாருமே ஐம்பது பேரை ராத்திரியில் நெடுஞ்சாலையில் நடத்திக் கூட்டிப்போனது கிடையாது. இவருக்கு அது பழக்கம்.

காலில் கொப்புளம், அதற்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே பேசினார். கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடவேண்டும், வேகக்காரனை முன்னால் விட்டால் கூட்டம் அறுந்துவிடும். ராத்திரியில் வண்டி எதிரே வருகிற பக்கமாகவே நடக்கவேண்டும், முதுகுக்குப் பின்னால் வருவதை யாராலும் பார்க்க முடியாது. பை ஒவ்வொன்றிலும் மினுக்குகிற ஸ்டிக்கரைத் தைத்துவிட வேண்டும், ஒட்டினால் வியர்வையில் உரிந்துவிடும். கடைசி ஆள் கையில் டார்ச், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, ஒன்றுக்குப் போனாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முகாமில் சனிக்கிழமை ராத்திரிக்கு வைத்திருக்கிற நடையை இவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

"வரேன். தனியா எப்படிம்மா வர்றது, எங்க செட்டு ஆளுங்களையும் கூட்டிக்கினு வந்துடறேன். பாதி பேரு பொம்பளைங்கதான். வண்டி கிண்டி ஒண்ணும் அனுப்பாதீங்க, நடந்தே வந்துடுவோம்."

எத்தனை பேர் என்றேன். இருபதோ இருபத்தைந்தோ என்றார்.

உடனே சமையல்காரருக்குப் போன் போட்டேன். சாம்பார் தாங்கும், பொரியலும் அப்பளமும்தான் பத்தாது, இன்னொரு அண்டாவுக்கு வாடகை தனி, மாலை போட்டவங்கன்னா வெங்காயம் பூண்டு சேர்க்கலாமா கூடாதா என்று கேட்டார். மாலை கழற்றியாகிவிட்டது, சேர்க்கலாம் என்றேன். பொருளாளரிடம் இன்னும் சொல்லவில்லை.