ஒட்டிக்கிச்சா... ஒட்டலையா?

பல்லடத்துல திருச்சி ரோட்டு மேல ஒரு மாடி. கீழே தறி ஸ்பேர் பார்ட்ஸ் கடை, மேலே ஏசி ரூம், ஆறு கம்ப்யூட்டர். என்னோட இன்டர்ன்ஷிப் ஆபீஸ் இதுதான். 'மெக்கானிக்கல் மூணாவது வருஷம்'னு கெத்தா போய் உட்கார்ந்தேன். கையில கொடுத்த வேலை என்ன தெரியுமா? பைப்பை வெட்டி ஒட்டறது!

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை. டையிங் மெஷின்ல இருந்து கழிவுத் தண்ணி சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போற லைன், 48 மீட்டர். அதை ரெவிட் சாஃப்ட்வேர்ல மாடல் பண்ணியிருந்தாங்க. "வால்வை மட்டும் ரெண்டு மீட்டர் தள்ளி வெச்சிடு"ன்னாங்க டீம் லீடர் அக்கா. ஃபூ... இவ்ளோதானா?

பழைய வால்வை டெலீட் பண்ணேன். அந்த இடத்துல பைப் ரெண்டாப் பிரிஞ்சு ஓட்டை தெரிஞ்சது. சின்னதா ஒரு துண்டு பைப் வரைஞ்சு அடைச்சேன். அப்புறம் 'எஸ் எல்' தட்டி புது இடத்துல பைப்பை வெட்டினேன். ரெவிட் தானாவே நடுவுல ஒரு யூனியனை மாட்டிச்சு. அதைத் தூக்கிட்டு வால்வை வெச்சேன். பிளான் வியூவில பார்த்தா ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி ஒரே நேர். நடுவுல ஏதோ வார்னிங் வந்துச்சு, மூடிட்டேன். (நீங்க மட்டும் படிச்சுப் பார்ப்பீங்களாக்கும்!)

சாயங்காலம் அக்கா வந்து பைப் மேல மவுஸை வெச்சு டேப் கீயை ரெண்டு தடவை தட்டினாங்க. லைன் முழுக்க ஹைலைட் ஆகியிருக்கணும். பாதியிலேயே நின்னுடுச்சு. செக்‌ஷன் வெட்டிக் காட்டினாங்க. நான் போட்ட ஒட்டுத் துண்டு 15 மில்லிமீட்டர் கீழே தனியாத் தொங்குது! முனையில ஸ்நாப் ஆகாம, எலிவேஷன் கட்டத்துல கிடந்த பழைய நம்பர்லயே வரைஞ்சிருக்கேன். மேலே இருந்து பார்த்தா ஒண்ணு, பக்கவாட்டுல பார்த்தா ரெண்டு.

அக்கா திட்டலை. ஒட்டுத் துண்டைத் தூக்கிட்டு, 'டி ஆர்' தட்டி, இந்தப் பக்கம் ஒரு கிளிக், அந்தப் பக்கம் ஒரு கிளிக். ரெண்டு பைப்பும் சேர்ந்து ஒரே பைப்பாயிடுச்சு. ஒரே சைஸ், ஒரே நேர்கோடா இருந்தாத்தான் இப்படிச் சேருமாம். அதுக்கப்புறம் வால்வை எடுத்துப் பைப் மேல சும்மா வெச்சாங்க, அதுவே வெட்டிக்கிட்டு உட்கார்ந்துக்கிச்சு. நான் கத்தியைத் தூக்கியிருக்கவே வேண்டியதில்லை.

அசிங்கம் அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சு சைட்ல இருந்து ஃபிட்டர் அண்ணன் போன் பண்ணினார். "ஏனுங் அம்மணி, 48 மீட்டரும் ஒரே பைப்பா போட்டிருக்கீங்க. லாரியில எப்படிங் வரும்?"

பதில் சொல்ல முடியலை. பைப் வர்றது 6 மீட்டர் நீளத்துல. அப்போ எட்டுத் துண்டு, ஏழு ஜாயிண்ட். உடனே உட்கார்ந்து 6 மீட்டருக்கு ஒண்ணா வெட்டி அனுப்பினேன். மறுபடியும் போன். "நாலாவது ஜாயிண்ட் செவுத்துக்குள்ள வருதுங்களே. உள்ள ஒழுகுனா யாருங் பாக்கறது?" அந்த 24-வது மீட்டர்ல ஒரு ஒன்பது இஞ்ச் சுவர். மாடல்ல சுவரை மறைச்சு வெச்சுட்டு வேலை பார்த்தது என் புத்திசாலித்தனம்.

ராத்திரி சாப்பிடறப்போ சிரிச்சுக்கிட்டே இதை அப்பாகிட்ட சொன்னேன். அவர் சிரிக்கலை.

அப்பா சாயப்பட்டறையில மெஷின் ஓட்டினவர். 2011 ஜனவரி 28-ம் தேதி, சுத்திகரிச்ச தண்ணியைக்கூட ஒரு சொட்டு வெளியே விடாத ஏற்பாடு இல்லாததால, திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. எனக்கு அப்போ அஞ்சு வயசு. அப்பா பகல்ல வீட்டுல இருக்காரேன்னு சந்தோஷப்பட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்புறம் தறிக்குப் போயிட்டார். பட்டறைகள் திறந்த பிறகும் திரும்பிப் போகலை. பாசனத்துக்காக 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, நொய்யல்ல வந்த சாயத் தண்ணி தேங்கற இடமா ஆனதைப் பத்தி எப்பவாவது பேசுவார். "அந்தத் தண்ணியில என் பங்கும் இருக்கு"ம்பார். இப்பல்லாம் ஆர்.ஓ., எவாப்பரேட்டர்னு வெச்சு தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கறாங்க. ஆனா தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தாத்தானே அதெல்லாம்?

"பைப்பு நடுவுல ஒழுகி நான் பார்த்ததில்லை அம்மணி. எப்பவும் ஜாயிண்ட்லதான்"னார்.

மறுநாள் நாலாவது துண்டை 5.5 மீட்டராக் குறைச்சேன். ஜாயிண்ட் சுவருக்கு வெளியே வந்துடுச்சு. மிச்சம் 24.5 மீட்டர். ஆறாறா வெட்டினா கடைசியில அரை மீட்டர் குட்டித் துண்டு மிஞ்சும். அதனால 4.9 மீட்டர்ல அஞ்சு துண்டு. மொத்தம் ஒன்பது துண்டு, எட்டு ஜாயிண்ட். ஒரு ஜாயிண்ட் கூடிடுச்சுன்னு அக்கா முகம் சுளிச்சாங்க. "எட்டும் கண்ணுக்குத் தெரியும்க்கா"ன்னேன். ஓகே பண்ணிட்டாங்க. இன்டர்ன் பேச்சை ஒருத்தர் கேட்டது அன்னிக்குத்தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி டேப்பைத் தட்டினேன். மெஷின்ல இருந்து தொட்டி வரைக்கும் முழு லைனும் நீலமா மின்னிச்சு. அக்காகிட்ட கேட்டுட்டு அதை மட்டும் போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டுப் போய் அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதா செவுரு?"

"ஆமாப்பா."

"உள்ள ஒண்ணுமில்லையே?"

"இல்லப்பா. முழுப் பைப்பு."

விரலால பெருசு பண்ணி வால்வுகிட்டப் போனார். "இதுக்கு அடியில ஒரு தட்டு வைக்கச் சொல்லு"ன்னுட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.